எம்ஜிபி காரில் ரயர் உரசினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய எம்ஜிபி (MGB) ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருகோணமலையில் வைத்து ஓடுபவரும் சரி, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு நிலாவெளிக்கு ஓட்டி வருபவரும் சரி, கராஜுக்கு வந்ததும் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, பின் ரயர் எங்கேயோ தேயுது." அடுத்த வசனமும் அநேகமாக ஒன்றே: "மட்காட் விளிம்பைக் கொஞ்சம் மடிச்சு விடுங்கோ."

விளிம்பை மடிப்பது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு ஐந்து சதமும் செலவில்லை. இந்தக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. தொழிற்சாலை கொடுத்த ரயர், தொழிற்சாலை கொடுத்த சில்லு, நல்ல ஸ்பிரிங் ஆகிய மூன்றும் இருந்தால் அது உரசாது. இன்று உரசுகிறது என்றால் இடையில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் தகட்டில் கை வைத்தால் தகடும் போகும், உரசலும் நிற்காது.

கீழே உங்கள் காரின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

எதற்கும் முன்: அடையாளத்தை வாசியுங்கள்

காரைச் சமதரையில் நிறுத்தி, ஒரு கைவிளக்கோடு நாலு ரயரையும் சுற்றிப் பாருங்கள். உரசிய இடம் ரப்பரில் மங்காமல் பளபளவென்று கறுப்பாகத் தெரியும்.

வெளிப்பக்கத் தோளில் மெல்லிய கோடு கீறியதுபோல இருந்தால் மட்காட் விளிம்பு பட்டிருக்கிறது. உள்பக்கச் சுவரில் அகலமாகத் தேய்ந்திருந்தால் உள் மட்காட், ஸ்பிரிங், முன்சில்லானால் ஆன்ரி ரோல் பார் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் தண்டு) அல்லது செசி (காரின் அடிச்சட்டம்). ஓடுதளத்தின் நடுவில் வெட்டு இருந்தால் மேலே ஏதோ ஒரு போல்ற் முனையோ கிழிந்த தகடோ தொங்குகிறது.

அடையாளம் தெளிவில்லாவிட்டால் ரயரின் தோளிலும் பக்கச்சுவரிலும் வெண்கட்டியைத் தடவிவிட்டு, வழக்கமாக எங்கே சத்தம் கேட்குமோ அந்த வீதியில் ஒரு சுற்று போய் வாருங்கள். வெண்கட்டி அழிந்த இடமும், மட்காட்டுக்குள்ளே வெள்ளை ஒட்டிய இடமும் பதில் சொல்லும். இதற்கு மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரசிய கோட்டுக்குள் நூல் அல்லது கம்பி தெரிந்தால் அந்த ரயரில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடக் கூடாது. மாற்றுச் சில்லைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பக்கச்சுவர் வெட்டுக்கு ஒட்டுப் போடும் ரயர்க்கடை இருந்தால் அந்தக் கடையை நம்ப வேண்டாம்.

அறிகுறி 1: பள்ளத்திலோ வேகத்தடையிலோ விழும்போது பின்னால் "சர்ர்" என்று உரசுகிறது

வரும் கார்களில் அதிகம் இந்த வகைதான்.

*காற்று.* காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். நண்பகலில் ஓடிவந்து நிறுத்தி அளந்தால் கூடத்தான் காட்டும், அதை நம்பிக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் காற்றுப் போதாமல் நிற்கும். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். எம்ஜிபியில் விளிம்புக்கும் ரயருக்கும் இடையே இருப்பதே சில மில்லிமீற்றர்தான், அந்தப் பிதுக்கமே உரசப் போதும்.

*ரயர் அளவு.* பக்கச்சுவரில் அச்சடித்திருப்பதை முழுதாக வாசியுங்கள், முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அந்த அகலத்தில் சுவர் உயரம் எத்தனை வீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். திறந்த எம்ஜிபிக்கு ரேடியல் என்றால் தொழிற்சாலை கொடுத்தது 155 ஆர் 14, கூரையுள்ள ஜிடிக்கு 165 ஆர் 14. இன்று கடையில் கேட்டால் பெரும்பாலும் 175/70 ஆர் 14 அல்லது 185/70 ஆர் 14 எடுத்துத் தருவார்கள். கணக்குப் போட்டால் 165/80 ஆர் 14 இன் (பழைய 165 ஆர் 14 ஐ இன்று இப்படி எழுதுவார்கள்) விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீற்றர், 185/70 ஆர் 14 இன் விட்டம் 615, 175/70 ஆர் 14 இன் விட்டம் 601. உயரத்தில் 185/70 பிழையில்லை. பிரச்சினை அகலத்தில். 165 இலிருந்து 185 க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீற்றர் கூடுகிறது. பல எம்ஜிபிகளில் பின்விளிம்புக்கு மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்று இங்கே அடிக்கடி நடக்கிறது. வான்களுக்குப் போடும் 185 ஆர் 14 சி ரயரை, "இதுவும் 185 தானே" என்று காருக்குப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் 70 என்ற எண் இல்லாவிட்டால் அது வேறு ரயர். அதன் விட்டம் 650 மில்லிமீற்றரை எட்டும், சுவரும் சுமைக்காகச் செய்த தடித்த சுவர். அகலம் விளிம்பில் தேய்க்கும், உயரம் மட்காட்டின் கூரையில் தேய்க்கும். எந்த விளிம்பை மடித்தாலும் அது அடங்காது. கழற்றிக் கொடுத்துவிட்டு 165/80 அல்லது 175/70 வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் கம்பிச்சில்லு (சைக்கிள்போலக் கம்பி கோத்த சில்லு) உள்ள எம்ஜிபிக்கு 165/80 தான். ஸ்ரியரிங் இலேசாகும், வேகமானி சரியாகக் காட்டும், விளிம்பைத் தொட வேண்டிய தேவையே வராது. அகலமான ரயர் போட்டால் கார் அழகாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ரிம்மின் அகலம் நாலரை அங்குலம், 185 ரயருக்கு அது குறைந்தபட்ச அளவை ஒட்டியது. அதில் ரயர் வளைந்து உட்காரும், வளைவில் சுவர் புரளும்.

*பம்ப் ஸ்ரொப் ரப்பர்.* பின் அக்ஸிலுக்கு நேர்மேலே செசியில் இரண்டு பக்கமும் ஒரு ரப்பர்க் கட்டை இருக்க வேண்டும். அக்ஸில் அளவுக்கு மிஞ்சி ஏறாமல் தடுப்பது அதுதான். இங்குள்ள கார்களைக் குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் ரப்பர் இருக்கும், மறுபக்கம் வெறும் இரும்புத் தட்டு இருக்கும். வெயிலில் காய்ந்து வெடித்து எப்போதோ விழுந்திருக்கும், ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்காது. விலை குறைந்த பொருள், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

ரப்பர் இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். ரப்பரின் அடிக்கும் அக்ஸிலுக்கும் இடையே எத்தனை மில்லிமீற்றர் என்று அளவுங்கள். பிறகு ரயர்த் தோளின் உச்சிக்கும் மட்காட் விளிம்புக்கும் இடையே நிலைக்குத்தாக எவ்வளவு என்று அளவுங்கள். முதல் எண் பெரிதாக இருந்தால், அக்ஸில் ரப்பரைத் தொடுவதற்கு முன்பே ரயர் விளிம்பின் மட்டத்தைத் தாண்டி உள்ளே ஏறும். எம்ஜிபியில் இது வழமையே, ஏறுவதில் பிழையில்லை. அப்படி ஏறும்போது பக்கவாட்டில் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. ரப்பர் அமுங்குவதற்கும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு விரல் தாராளமாகப் போய்வந்தால் போதும்.

*ஷொக் அப்சோபர்.* எம்ஜிபியில் பின்னால் இருப்பது குழாய் வடிவ ஷொக் அல்ல, கை ஒன்று மேலும் கீழும் போகும் பழைய லீவர் வகை. உள்ளே எண்ணெய். ஒழுகிக் காலியானால் ஸ்பிரிங்கைத் தடுக்க யாருமில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் அக்ஸில் முழு வேகத்தில் மேலே வரும். பூட் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் எண்ணெயைப் பாருங்கள். எண்ணெய் விட்டும் இரண்டு கிழமையில் மீண்டும் ஒழுகினால் சீல் போயிற்று, அதை நீங்கள் திறக்க வேண்டாம். மறுசீரமைத்த ஷொக் வாங்கிப் போடுவதே வழி.

*தளர்ந்த ஸ்பிரிங்.* சில்லின் நடுவிலிருந்து நேர்மேலே மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளவுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் அமர்ந்துவிட்டது. காரில் யாரும் இல்லாமல் நிற்கும்போதே பின் ஸ்பிரிங்கின் அடுக்குப் பட்டைகள் கீழ்நோக்கித் தொய்ந்து தலைகீழாக வளைந்திருந்தால் இரண்டுமே முடிந்தன. கடற்காற்று இங்கே பட்டைகளுக்கு இடையில் புகுந்து துருவை அடையாக வளர்க்கிறது, பட்டை உடைந்து கிடந்தாலும் துரு மறைத்துவிடும். கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் விளக்கடித்துப் பாருங்கள்.

லொறி ஸ்பிரிங் அடிக்கும் கடையில் பட்டைகளைச் சூடாக்கி வளைத்துத் தருவார்கள். கைதேர்ந்த ஆள் செய்தால் சில காலம் தாங்கும். ஆனால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உரசல் நிற்கும், முதுகு போகும், தெறிக்கும் பின்சில்லு வளைவில் பிடிமானத்தையும் விட்டுவிடும். புதிய ஸ்பிரிங் போடுவதானால் சோடியாகவே போடுங்கள். ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ற்றுகளைச் சில்லு தரையில் நிற்கும்போது, காரின் பாரம் ஏறிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகியே நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

*தாழ்த்தும் கட்டை.* 1974 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரம் ஒன்றரை அங்குலம் வரை கூட்டப்பட்டது. பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர விரும்பியவர்கள் ஸ்பிரிங்குக்கும் அக்ஸிலுக்கும் இடையே ஒரு கட்டை வைத்துத் தாழ்த்தியிருப்பார்கள். காரை அண்மையில் வாங்கியவராக இருந்தால் கட்டாயம் பாருங்கள். கட்டையைக் கழற்றினால், அக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ற்றுகளும் பழைய நீளத்துக்கு மாற வேண்டும்.

*சில்லும் ஹப்பும் பொருந்தாமை.* இது கொஞ்சம் செலவு வைக்கும் காரணம். கம்பிச்சில்லோடு தொழிற்சாலையிலிருந்து வந்த எம்ஜிபியின் பின் அக்ஸில், நட்டுச் சில்லு (பல நட்டுகளால் பூட்டும் சாதாரண சில்லு) எம்ஜிபியின் அக்ஸிலைவிடக் குறுகலானது. கம்பிச்சில்லைப் பூட்டும் பல் வைத்த ஹப் (சில்லு ஏறும் மையத்துண்டு) வெளியே நீள்வதால் அக்ஸிலைக் குறைத்தார்கள். பிற்காலத்தில் நட்டுச் சில்லுக் காருக்குக் கம்பிச்சில்லு மாட்ட ஆசைப்பட்டு, அகலமான அக்ஸிலிலேயே சாதாரண ஹப்பைப் போட்டுவிட்டால் இரண்டு சில்லும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இந்த மாற்றத்துக்கென்றே குட்டையான ஹப் விற்கிறார்கள், அதுவே போட வேண்டும். அதேபோல, ஐந்தரை அங்குல ரிம் உள்ள 72 கம்பிச் சில்லு போட்டிருந்தால், நடு மாறாதிருந்தாலும் ரிம் மட்டும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் கூடுகிறது. ரயரைக் குறை சொல்வதற்கு முன் கம்பிகளை எண்ணுங்கள். பழைய சில்லில் 60 இருக்கும்.

*அக்ஸில் நடுவில் இல்லை.* மட்காட் விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளவுங்கள். எம்ஜிபியில் இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். என் கையால் அளந்தவற்றில் பெரும்பாலும் இடப்பக்கமே இறுக்கம். சில மில்லிமீற்றர் வித்தியாசம் கார் செய்யப்பட்டபோதே வந்தது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். யூ போல்ற், செக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் இணைப்பு) எல்லாவற்றையும் தளர்த்தி, அக்ஸிலை மறுபக்கம் தள்ளி மீண்டும் இறுக்கினால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கிடைக்கும். சில கார்களுக்கு அதுவே போதும். வித்தியாசம் 15 மில்லிமீற்றரைத் தாண்டினால் கார் எப்போதோ அடிபட்டிருக்கிறது, செசி அளக்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

*விளிம்பு மடித்தல்.* மேலே உள்ள எல்லாம் சரி, அப்படியும் உரசுகிறது, ரயரை மாற்றவும் மனமில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

முதலில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து மட்காட் வளைவு முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகட்டில் காந்தம் கையை இழுக்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசிய இடத்தில் பிடிவிட்டு நழுவும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நின்ற காரென்றால் விளிம்பின் கீழ்ப்பகுதியில், முன்மூலையிலும் பின்மூலையிலும், காந்தம் கட்டாயம் ஓரிடத்திலாவது நழுவும். பின்மட்காட்டில் வெளித்தகடும் உள்தகடும் சேரும் இடமே அந்த விளிம்பு. இரண்டு தகட்டுக்கும் இடையில் மணலும் உப்புநீரும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். அப்படியான விளிம்பை மடித்தால் பட்டி வெடிக்கும், கீழே தகடே இல்லையென்பது அப்போதுதான் தெரியும். காந்தம் நழுவினால் வேலையை நிறுத்துங்கள். அது ரிங்கர் பாஸின் (தகட்டு வேலை செய்பவரின்) வேலை: அரித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, அப்போதே விளிம்பைச் சிறிதாகத் திருப்பிவிடச் சொல்லலாம். ஒரே செலவில் இரண்டும் முடியும்.

தகடு நல்லதென்றால் பெயின்றைச் சூடாக்கிக்கொண்டு, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் மேலேயும் மடிக்க வேண்டும். ஹப்பில் பூட்டும் உருளைக் கருவி எம்ஜிபியின் கம்பிச்சில்லு ஹப்பில் நேரே பூட்டாது, அதில் நட்டுத் தண்டுகள் இல்லை. ஆகவே கையால், மரக்கட்டையும் சுத்தியலும் வைத்துத்தான். ஒரு இடத்தில் முழுதாக மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாலைந்து சுற்றுப் போய், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

இரும்புக் குழாயை ரயருக்கும் விளிம்புக்கும் இடையில் செருகிக் காரை முன்னும் பின்னும் உருட்டி மடிக்கும் முறையொன்று இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடவேண்டாம். தகடு இழுபட்டு மட்காட் வெளியே அலையலையாக நிற்கும், அதைத் திருத்தக் கேட்கும் காசு ஒரு சோடி ரயரின் விலையை விடக் கூட.

மடித்த அன்றைக்கே வெடித்த பெயின்றைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மடிப்புக்குள் சீலர் விட்டு, காய்ந்த பிறகு உள்ளே மெழுகு அடியுங்கள். திருகோணமலைக் காற்றில் திறந்த இரும்பு ஒரு கிழமை தாங்காது.

அறிகுறி 2: வளைவில் திரும்பும்போது மட்டும், ஒரே பக்கத்தில் உரசுகிறது

உவர்மலை ஏற்றத்திலோ, உட்துறைமுக வீதியின் வளைவிலோ வலப்பக்கம் திரும்பினால் இடப்பின்னால் உரசல், இடப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. இப்படியென்றால் அக்ஸில் பக்கவாட்டில் நகர்கிறது, அல்லது சில்லு ஆடுகிறது. உரசல் சின்ன விஷயம், காரணம் சின்னதல்ல.

காரை உயர்த்தி, செசியின் கீழ் ஸ்ராண்ட் வைத்து, தள்ளிப் பார்த்து உறுதியான பிறகே கீழே போங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் போகக் கூடாது.

சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் நட்டுத் தளர்வு, பெயாரிங், அல்லது கம்பிச்சில்லு. கம்பிச்சில்லானால் நடுநட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்கிப் பாருங்கள். நட்டின் மேலேயே அவிழ்க்கும் திசை 'அண்டூ' என்று அம்புக்குறியோடு பொறித்திருக்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் எதிரெதிர்ப் புரி, மாற்றிப் போட முடியாது. இறுக்கியும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு சில்லை முன்னும் பின்னும் திருகுங்கள். ஹப் அசையாமல் சில்லு மட்டும் "டக் டக்" என்று அசைந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. கார் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இதே சத்தம் கேட்டிருக்கும். ஹப்பையும் சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதை ஒரு வருடத்தில் தின்றுவிடும். பெயாரிங் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சில்லு ஆடவில்லை என்றால் ஸ்பிரிங்கின் முன்புஷ், பின்செக்கிள் ரப்பர்களைப் பாருங்கள். ஒரு நெம்புகோலைச் செருகிப் பக்கவாட்டில் தள்ளும்போது இரும்பு இரும்பைத் தொட்டால் ரப்பர் முடிந்தது. விலை குறைவு, ஆனால் துருப்பிடித்த செக்கிள் போல்ற்றைக் கழற்றுவது நாள் முழுதும் எடுக்கும் வேலை. முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து விடுங்கள்.

பிறகு யூ போல்ற். நாலு நட்டும் இறுக்கமா? தட்டுகளுக்கு இடையில் புதிதாக மினுங்கும் இரும்பு தெரிகிறதா? மினுங்கினால் அக்ஸில் ஸ்பிரிங்கில் நகர்கிறது. அடுக்குப் பட்டைகளை நடுவில் பிடித்திருக்கும் போல்ற் உடைந்தாலும் இதே நிலைதான். அப்போது அக்ஸில் முன்பின்னாகவும் போய்விடும். உறுதிப்படுத்த முன்சில்லு நடுவிலிருந்து பின்சில்லு நடு வரை இரண்டு பக்கமும் அளவுங்கள். ஸ்ரியரிங் நேராக இருக்க வேண்டும். எம்ஜிபிக்கு அந்தத் தூரம் 91 அங்குலம், அதாவது 2311 மில்லிமீற்றர். ஒரு பக்கம் 91, மறுபக்கம் 90 கால் என்றால் நடுப்போல்ற் போயிற்று. அந்தக் காரைக் கந்தளாய் வரை கூட ஓட்ட வேண்டாம், லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 3: ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டும்போது முன்னால் உரசுகிறது

நிறுத்துமிடத்தில் திருப்பும்போது மட்டும், மெதுவாக, "கிர்" என்று. பெரும்பாலும் ரயர் அகலமே காரணம். உள்சுவர் ஆன்ரி ரோல் பாரையோ செசியையோ தொடும். 165 ரயர் போட்ட கார் ஒன்றில் இது வந்தால் மட்டும் மேற்கொண்டு தேட வேண்டும்.

ஒரு பக்கம் வெட்டும்போது மட்டும் உரசினால், எலைன்மென்ற் பார்த்தவர் இரண்டு ரை ரொட்டுகளையும் (முன்சில்லைத் திருப்பும் தண்டுகள்) சமமாகத் திருகாமல் ஒன்றை மட்டும் திருகியிருப்பார். ஸ்ரியரிங் சக்கரமும் நேராக ஓடும்போது சாய்ந்து நிற்கும். இரண்டு பக்கத்திலும் வெளியே தெரியும் புரியை எண்ணுங்கள், சமமாக இருக்க வேண்டும். எம்ஜிபியின் முன்சில்லுகள் முன்பக்கம் 1.6 முதல் 2.4 மில்லிமீற்றர் வரை உள்நோக்கி நிற்க வேண்டும். எலைன்மென்ற் கடைக்காரரின் கணினியில் எம்ஜிபி இருக்காது, இந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

முன்பக்கம் தாழ்ந்து, பள்ளத்திலும் உரசினால் சுருள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முன் சுருள் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம். அமுங்கிய நிலையில் அதற்குள் இருக்கும் விசை கையை உடைக்கும். கருவி உள்ள கராஜில் மட்டும்.

அறிகுறி 4: நேர் வீதியில் போகும்போது சில்லின் தாளத்தில் "சக், சக்" என்று உரசுகிறது

வேகம் கூடினால் தாளமும் கூடுகிறதா? அப்படியானால் சில்லோ ரயரோ வட்டமாக இல்லை. சில்லை உயர்த்தி, தரையில் ஒரு கல்லை வைத்து அதில் ஒரு கம்பியை ரயர்ச் சுவரைத் தொட்டும் தொடாமலும் சாய்த்து வையுங்கள். சில்லைக் கையால் சுற்றுங்கள். கம்பிக்கும் ரயருக்கும் இடைவெளி மாறுவதைப் பாருங்கள். பிறகு கம்பியை ரிம்மின் ஓரத்துக்கு நகர்த்தி மீண்டும் சுற்றுங்கள்.

ரிம் நேராக ஓடி, ரயர் மட்டும் அலைந்தால் ரயருக்குள் கம்பிவலை பிரிந்திருக்கிறது. ஓரிடத்தில் முட்டைபோல வீங்கியும் இருக்கலாம். உடனே கழற்றுங்கள். காரை அதிகம் ஓடாதவர்கள் கவனிக்க வேண்டியது இது: பூ தேயாமல் புதிதுபோல இருக்கும், ரப்பர் முதிர்ந்திருக்கும். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. அத்தனை வயதான ரயர் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதே.

ரிம்மே அலைந்தால், நட்டுச் சில்லானால் வளைந்திருக்கிறது. கம்பிச்சில்லானால் ஒவ்வொரு கம்பியையும் ஒரு சாவியால் இலேசாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது "தொப்" என்று சொல்லும். ஒன்றிரண்டு என்றால் இறுக்கலாம். ஆனால் அதிகம் இறுக்கினால் கம்பியின் முனை ரிம்முக்குள் நீட்டி ரியூப்பைக் குத்தும், ஆகவே ரயரைக் கழற்றி உள்ளே ரிம் பட்டி சரியா என்றும் பார்க்க வேண்டும். நாலைந்துக்கு மேல் தளர்ந்தாலோ உடைந்தாலோ சில்லை நேராக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சைக்கிள் கடையில் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி 5: பின்சில்லைக் கழற்ற வரவில்லை, மட்காட் தடுக்கிறது

கன்னியாப் பக்கம் காற்றுப் போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். கம்பிச்சில்லு ஹப்பின் பற்களைத் தாண்டி வெளியே வழுக்கி வர வேண்டும், அதற்கு நட்டுச் சில்லைவிடக் கூடுதல் இடம் தேவை. 185/70 போட்ட காரில் விளிம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஜக்கை அக்ஸிலுக்குக் கீழே வைத்திருந்தால் அதுதான் பிழை. அக்ஸில் உயர்ந்து நிற்பதால் ரயரும் மட்காட்டுக்குள் நிற்கிறது. காரின் பொடியை, ஜக் வைக்கும் இடத்தில் உயர்த்துங்கள். அக்ஸில் தன் பாரத்தில் கீழே தொங்கும், இடம் கிடைக்கும். அப்போதும் வராவிட்டால் மிச்சக் காற்றையும் விட்டுவிடுங்கள், சுவர் அமுங்கும். அக்ஸிலைக் கீழே போகாமல் பிடித்திருக்கும் பட்டி ஒன்று இரண்டு பக்கமும் இருக்கிறது. புதிதாகப் போட்ட பட்டி குட்டையாக இருந்தாலும் அக்ஸில் போதிய அளவு தொங்காது.

மாற்றுச் சில்லு போடும்போது இதே சிக்கல் மறுபடியும் வரும், ஏனென்றால் அதில் காற்று நிறைந்திருக்கும். ஆகவே மாற்றுச் சில்லைக் காற்றுக் குறைத்துப் போட்டுவிட்டு, பின்பு பம்பால் நிரப்ப வேண்டியிருக்கும். பூட்டில் ஒரு காற்றுப் பம்பை வைத்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம் செய்யாமல் ஓட வேண்டுமென்றால் ரயரை ஓர் அளவு குறையுங்கள்.

அறிகுறி 6: உரசும் சத்தம் கேட்கிறது, ரயரில் அடையாளமே இல்லை

ரயர் இல்லை. மூன்று இடம் பாருங்கள். முன் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தூசித் தகட்டுக்கும் இடையே சின்னக் கல் சிக்கியிருக்கலாம், அலஸ்தோட்டத்துக் கடற்கரை ஒழுங்கைகளில் ஓடிய காருக்கு இது வழமை. தூசித் தகட்டை விரலால் இலேசாக வளைத்தால் கல் விழும். அடுத்து, சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து குழாய் அக்ஸிலில் தட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உள் மட்காட்டில் அரித்த தகடு நாக்குப்போலத் தொங்கி, காற்றில் அதிர்ந்து சத்தம் போடும். கையால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் ரிங்கர் பாஸிடம் நேரே போங்கள், ஸ்பிரிங் பூட்டிய இடத்துக்கு அந்த அரிப்பு எவ்வளவு தூரம் என்று அவரே தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அது ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டிருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டோவில் வாருங்கள்.